டர்பனில் தொடங்கிய எங்கள் காதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் திருவண்ணாமலை மாவட்டத்துக்காரன், ஒரு சர்க்கரை ஆலையில் கெமிஸ்ட். அவர் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் பிறந்து வளர்ந்த தமிழர், மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர். இரண்டு பேரும் ஆண்கள், இரண்டு பேருக்கும் நாற்பது நெருங்குகிறது, வேலை விஷயமாகப் போன இடத்தில் எதேச்சையாகப் பார்த்துப் பழகி இப்போது கல்யாணம் வரை வந்து நிற்கிறோம். நண்பர்கள், உறவினர்கள், முகம் தெரியாத தம்பிகள் என்று யார் பேசினாலும் அதே கேள்விகள்தான் வருகின்றன, அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். பெயரைப் போடாதே என்று சொல்லிவிட்டார், அதனால் இங்கே "அவர்". நேரில் வாடா போடாதான்.

எப்படிச் சந்தித்தீர்கள்?

சர்க்கரைத் தொழில்நுட்பம் பற்றிய ஒரு மாநாட்டுக்காக ஆலையில் என்னை டர்பனுக்கு அனுப்பினார்கள். அந்தப் பக்கம் கரும்புக்குப் பேர்போனது, சொல்லப்போனால் தமிழர்கள் அங்கே இருப்பதற்கே கரும்புதான் காரணம். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரோடு அங்கே போய்ச் சேர்ந்தது, அதிலிருந்து 1911 வரை இந்தியாவிலிருந்து ஒன்றரை லட்சத்துக்கும் மேலானவர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பல் ஏறினார்கள்.

மாநாடு முடிந்தது, விமானம் திங்கட்கிழமை, நடுவில் ஒரு ஞாயிறு சும்மா கிடந்தது. டாக்ஸி ஓட்டிய பெரியவர் என் நெற்றித் திருநீற்றைப் பார்த்துவிட்டு, "மாரியம்மன் கோயிலில் இன்றைக்குப் போரிட்ஜ் பிரேயர், போகிறாயா" என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஆடி மாதம். நம் ஊரில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறோமே, அதேதான், கேழ்வரகுக்குப் பதில் மக்காச்சோள மாவு. சரி, கடற்கரையில் தனியாக உட்கார்ந்திருப்பதற்கு இது மேல் என்று போனேன். இந்தியாவிலிருந்து ஒருவர் வந்திருக்கிறார் என்று யாரோ மைக்கில் சொல்லிவிட்டார்கள், அப்புறம் வரிசையாகப் பாட்டிமார்கள் வந்து கையைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்கிறார்கள். அந்தக் கூட்டத்துக்குப் பின்னால், ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் வயர்களைச் சுருட்டிக்கொண்டு நின்றவர் அவர். கூட்டம் குறைந்ததும் வந்து, "அண்ணா, இந்த ஊர் எங்கே இருக்கு?" என்று கைப்பேசியை நீட்டினார்.

திரையில் அவருடைய கொள்ளுத்தாத்தாவின் கப்பல் பதிவு. அந்தப் பதிவுகளில் ஒவ்வொருவருக்கும் ஒரு எண், பெயர், தகப்பன் பெயர், வயது, உயரம், சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம் வரை இருக்கும். மாவட்டம் வட ஆற்காடு. தாலுகா ஆரணி என்று படிக்க முடிந்தது. கிராமத்தின் பெயர்தான் சிக்கல், குமாஸ்தா காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் கிறுக்கி வைத்திருக்கிறார், அதை எந்த ஊராகவும் படிக்கலாம். ஆனால் ஆரணி எங்கள் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் போகிற தூரம். "எங்க பக்கம்தான்" என்றேன். அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டுமே! ஊருக்குப் போய் விசாரித்துச் சொல்கிறேன் என்று எண்ணை வாங்கிக்கொண்டேன். அந்த நிமிடத்தில் வேறு எந்த நினைப்பும் இல்லை, சத்தியமாக. கொஞ்சம் இருந்தது.

ஆப் வழியாகச் சந்தித்தீர்கள் என்று கேள்விப்பட்டோமே?

இல்லை. அப்படிச் சந்தித்திருந்தால் அதில் ஒரு கேவலமும் இல்லை, ஆனால் இல்லை.

அவருக்கும் அப்படி ஒரு எண்ணம் உண்டு என்று எப்படித் தெரிந்தது?

இதைத்தான் இளைஞர்கள் அதிகம் கேட்கிறார்கள், பயம் புரிகிறது, தப்பான ஆளிடம் வாயைத் திறந்தால் அடி விழும். நாங்கள் யாரும் யாரிடமும் எதையும் அறிவிக்கவில்லை. கோயிலிலிருந்து ஊரைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று கூட்டிக்கொண்டு போனார். விக்டோரியா தெரு மார்க்கெட்டுக்குள் மசாலாக் கடைகளைப் பார்த்துவிட்டு, நார்த் பீச்சில் காரை நிறுத்தி பன்னி சாவ் வாங்கி வந்தார். ஒரு ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பை ஊற்றித் தருவார்கள், டர்பன் இந்தியர்கள் கண்டுபிடித்த சாப்பாடு, கையால்தான் சாப்பிட வேண்டும். அம்மனுக்கு விரதம் என்பதால் அன்றைக்கு பீன்ஸ் குழம்பு. சாப்பிட்டுக்கொண்டே தான் முன்பு குடியிருந்த வீட்டைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டு வந்தவர், நடுவில் மிகச் சாதாரணமாக, "அப்போ நான் ஒருத்தரோட இருந்தேன், அவன் கேப் டவுனுக்குப் போயிட்டான்" என்றார். அவன். சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் கடலைப் பார்த்தார்.

நான் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, "எனக்கும் பெங்களூரில் ஒருத்தன் இருந்தான். அவனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு" என்றேன். அவ்வளவுதான் பேச்சு. அதற்கப்புறம் அண்ணா என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

வெளிநாட்டில் வருவதெல்லாம் வெறும் மயக்கம்தானே, ஊருக்கு வந்ததும் தெளிந்துவிடாதா?

பாதி உண்மை. தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத ஊரில் நமக்குக் கொஞ்சம் துணிச்சல் வந்துவிடுகிறது, பேச்சே மாறிவிடுகிறது, அந்த ஆள் நாம்தானா என்று விமானத்தில் சந்தேகம் வரும். எனக்கும் வந்தது. அந்த ராத்திரி பற்றிக் கேட்பவர்களுக்கு: அது எங்கள் இருவருக்கும் தெரியும், அது போதும்.

ஆனால் எங்கள் விஷயத்தில் ஒரு வேலை பாக்கி இருந்தது, அந்த ஊர். காதல் கடிதம் எழுது என்றால் எனக்கு ஒரு வரி வராது. கிராமம் விசாரி என்றால் வரும். விடுமுறை நாட்களில் பைக்கை எடுத்துக்கொண்டு ஆரணி பக்கம் போய், பெயர் கொஞ்சமாவது ஒத்துப்போகிற ஊர்களில் டீக்கடையில் உட்கார்ந்து, பெரியவர்களிடம் கேட்டு, பேசுவதைப் பதிவு செய்து அவருக்கு அனுப்புவேன். தென்னாப்பிரிக்காவுக்குப் போனவர்களா, சிலோனுக்குப் போனவர்கள் என்றால் தெரியும், பர்மாவுக்குப் போனவர்களும் உண்டு, இது யாருக்குத் தெரியும் என்பார்கள். நம்மைவிட டர்பன் மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது, நான் ராத்திரி ஷிப்ட் போகும்போது அவர் வேலை முடிந்து வீட்டுக்குக் கார் ஓட்டிக்கொண்டிருப்பார், அந்த நேரம்தான் எங்கள் பேச்சு நேரம். மயக்கமாக இருந்திருந்தால் ஒரு மாதத்தில் பேச விஷயம் தீர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். எங்களுக்கு ஊர் கிடைக்கவே இல்லை, அதனால் பேச்சும் தீரவில்லை. கடைசியில் இரண்டு ஊர்கள் மிஞ்சின, இதுவா அதுவா என்று இன்றுவரை முடிவாகவில்லை.

தென்னாப்பிரிக்காவில் இது சட்டப்படி சரியா?

சரி மட்டுமல்ல, உலகத்துக்கே முன்னோடி. நிறவெறி ஆட்சிக் காலத்தில் ஆணும் ஆணும் சேர்ந்தால் ஜெயில். ஆட்சி மாறியபின் எழுதிய 1996 அரசமைப்பில், 9ஆவது பிரிவில், பாலீர்ப்பின் பெயரால் யாரையும் பாகுபடுத்தக் கூடாது என்று வெளிப்படையாக எழுதினார்கள், அப்படி எழுதிய முதல் நாடு அதுதான். சும்மா வந்துவிடவில்லை. சைமன் என்கோலி என்ற கறுப்பினப் போராளி, நிறவெறிக்கு எதிராகப் போராடி தேசத்துரோக வழக்கில் சிறையில் இருந்தவர், தான் ஆண்களை விரும்புகிறவர் என்பதைச் சிறையிலேயே தோழர்களிடம் சொன்னவர், வெளியே வந்து 1990 அக்டோபரில் ஜோகன்னஸ்பர்க்கில் நடந்த ஆப்பிரிக்காவின் முதல் பிரைடு ஊர்வலத்தை (எங்களைப் போன்றவர்கள் ஒளியாமல் தெருவில் இறங்கி நடக்கும் ஊர்வலம்) முன்னின்று நடத்தினார். விடுதலை என்றால் எல்லாருக்கும் விடுதலை என்று அவரைப் போன்றவர்கள் விடுதலை இயக்கத்துக்குள் நின்று வாதாடியதால்தான் அந்த வரி உள்ளே வந்தது.

அதற்கப்புறம் ஒவ்வொன்றாக நீதிமன்றத்தில் வந்தது. 1998இல் பழைய தண்டனைச் சட்டம் செல்லாது என்றார்கள். 1999இல் வெளிநாட்டுத் துணைவருக்குக் குடியேற்ற உரிமை, 2002இல் சேர்ந்து தத்தெடுக்கும் உரிமை. 2005 டிசம்பர் 1 அன்று திருமணத் தீர்ப்பு, ஒரு வருடத்துக்குள் சட்டத்தைச் சரி செய் என்று நாடாளுமன்றத்துக்குக் கெடு. அந்தக் கெடு முடிவதற்கு முதல் நாள், 2006 நவம்பர் 30இல், ஒருபால் திருமணச் சட்டம் அமலுக்கு வந்தது, உலகத்தில் ஐந்தாவது நாடு, ஆப்பிரிக்காவில் முதலாவது. அப்போது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. டிவியில் அந்தச் செய்தி ஓடியபோது அவருடைய ஆயா சேனலை மாற்றினாராம். ஆயா என்றால் அங்கே பாட்டி.

இன்னொரு விஷயம், அதே அரசமைப்பின் 6ஆவது பிரிவில், மதித்துப் பேண வேண்டிய மொழிகளின் வரிசையில் தமிழும் இருக்கிறது. ஒரே புத்தகத்தில் எங்கள் இருவரின் இரண்டு விஷயமும் இருக்கிறதே என்று பெருமையாகச் சொன்னேன். "அங்கேதான் ரெண்டும் இருக்கு, எங்க வீட்டில் ரெண்டும் இல்லை" என்றார்.

அவருக்குத் தமிழ் வராதா அப்படியென்றால்?

சமையலறைத் தமிழ் வரும், சாமி பாட்டு வரும், திட்டு நன்றாகவே வரும். ஆயாவோடு போய்விட்டது மீதி. அங்கே பெரும்பாலான தமிழ்க் குடும்பங்களில் வீட்டு மொழி ஆங்கிலமாகி வெகு காலமாகிறது. நாங்கள் பேசுவது முக்கால் ஆங்கிலம், கால் தமிழ். சண்டை வந்தால் நான் முழுத் தமிழுக்குப் போய்விடுவேன், அது நியாயமில்லை என்பது அவருடைய நிரந்தரப் புகார்.

அவ்வளவு நல்ல சட்டம் இருக்கிறதே, அவர் வீட்டில் பிரச்சினையே இருக்காதே?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் வேலை செய்யும் இடத்தில் எல்லாருக்கும் தெரியும். சக ஊழியர் ஒருவர் ஆணைக் கட்டிக்கொண்டபோது இவர்தான் விருந்துக்குப் பிரியாணி ஏற்பாடு. விண்ணப்பப் படிவங்களில் துணைவர் என்ற கட்டம் இருக்கிறது, யாரும் எதுவும் கேட்க முடியாது. ஆனால் சாட்ஸ்வொர்த் வீட்டுக்குள், இன்றைக்கும், அந்த விஷயம் ஒரு வாக்கியமாக யார் வாயிலிருந்தும் வந்ததில்லை. அம்மாவுக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியும். இருந்தாலும் புரட்டாசி வந்தால் அம்மா விரதம் இருந்து இவனுக்கு ஒரு நல்ல பெண் அமைய வேண்டும் என்று பெருமாளுக்கு விளக்கேற்றுகிறார், அதே சமையலறையில் இவர் காய் நறுக்கிக்கொண்டு நிற்கிறார். அக்கா பெந்தகொஸ்தே சபைக்குப் போய்விட்டார், அந்தப் பக்கம் நிறையப் பேர் அப்படிப் போயிருக்கிறார்கள், அவர் தம்பிக்காக உபவாச ஜெபம் செய்கிறார். ஆக இரண்டு மதத்திலும் மனு போட்டிருக்கிறார்கள். தங்கை ஒருத்திதான் நேராகக் கேட்டாள், நேராகப் பதில் வாங்கிக்கொண்டாள், என்னோடு வீடியோவில் பேசுகிறாள், "அத்தான்" என்று கூப்பிட்டுக் கிண்டல் செய்கிறாள்.

ஏன் இப்படி என்று கேட்டால், சாட்ஸ்வொர்த்தைப் புரிந்துகொள்ள வேண்டும். நிறவெறி அரசு நகரத்தின் பல பகுதிகளிலிருந்து இந்தியர்களைக் கிளப்பிக்கொண்டு வந்து 1960களில் அங்கே குடியேற்றியது. வீடு, நிலம், கோயில் எல்லாவற்றையும் விட்டு வந்தவர்களுக்கு ஒட்டிக்கொள்ள மிஞ்சியது குடும்பமும் சபையும்தான், அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். அப்படிப் பிடித்ததால்தான் இத்தனை தலைமுறைக்குப் பிறகும் தமிழராக இருக்கிறார்கள். அதே பிடிதான் இவர் கழுத்திலும் இருக்கிறது. கேப் டவுனுக்கோ ஜோகன்னஸ்பர்க்குக்கோ போய்விட்டால் சுதந்திரமாக இருக்கலாம், நிறையப் பேர் போகிறார்கள், இவருடைய பழைய ஆளும் போனான். இவர் போகவில்லை. கோழை என்று சொல்பவர்கள் உண்டு, எனக்கு அப்படித் தோன்றவில்லை.

சரி, உங்கள் வீட்டில்?

இங்கேதான் வேடிக்கை. எனக்கு அப்படி ஒரு சட்டம் கிடையாது, ஆனால் என் அம்மாவுக்கு எப்போதோ தெரியும். ஜாதகம் எடுக்கும் பேச்சு வந்தபோது சொன்னேன். பல மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை, சாப்பாட்டை மட்டும் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். தரகரிடம் "அவனுக்குக் கல்யாணத்தில் இஷ்டம் இல்லையாம்" என்று சொல்லி ஜாதகத்தைத் திருப்பி வாங்கி வந்தவரும் அவர்தான். 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், மனமொத்த ஒருபால் உறவைக் குற்றம் என்ற பகுதியைத் தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவிலிருந்து வெட்டியபோது டிவி முன்னால் நின்று பார்த்துவிட்டு, "நீ சொன்னது இதுதானா?" என்றார். ஆமாம் என்றேன். "தப்பு இல்லைன்னு சொல்லிட்டாங்களாமே" என்றார். அன்றைக்கு ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். நீதிபதிகள் ஐந்து பேர் எழுதிய தீர்ப்பு எங்கள் வீட்டில் செய்த வேலை அது. அண்ணன் இன்னும் பேசுவதில்லை, அது நடக்கும்போது நடக்கட்டும்.

அவர் ஊர் தேடும் சாக்கில் இங்கே வந்தபோது அம்மா நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்தார். அவர் அதை வாய் எரிய எரியச் சாப்பிட்டு, மூன்றாம் தரம் சோறு கேட்டதும் அம்மா கணக்கில் தேறிவிட்டார். சித்தப்பா ஒருவர் வந்து எல்லாவற்றையும் புரிந்துகொண்ட முகத்தோடு என்னைத் திண்ணைக்குக் கூப்பிட்டார். திட்டப்போகிறார் என்று போனால், மெதுவாக, "அவங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டார். ஆண் என்பது இரண்டாவது பிரச்சினை! அங்கே சாதி கிட்டத்தட்ட கரைந்துவிட்டது, நாயுடு, பிள்ளை, கோவெண்டர், மூட்லி என்று குடும்பப் பெயராக மட்டும் தொங்கிக்கொண்டிருக்கிறது. நூறு வருடத்துக்கு முந்தைய அந்தக் கப்பல் பதிவில் அதற்கும் ஒரு கட்டம் இருந்ததை நான் சித்தப்பாவிடம் சொல்லவில்லை.

கோயிலில் விடுகிறார்களா?

யார் தடுப்பது? அவர் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறவர், கோயில் ஒலிபெருக்கி முழுக்க அவர் பொறுப்பு. ஆனால் கமிட்டி என்று ஒன்று இருக்கிறதே. வெளிப்படையாகத் தெரிந்தால் யாரும் வெளியே போ என்று சொல்ல மாட்டார்கள், அடுத்த வருடம் ஒலிபெருக்கி வேலை வேறு யாருக்காவது போயிருக்கும். அவருக்கு அந்தப் பயம்தான், போலீஸ் பயம் இல்லை.

அங்கே தெருவில் கைகோத்து நடக்கலாமா?

இடத்தைப் பொறுத்தது. டர்பன் கடற்கரை நடைபாதையிலும் ஃப்ளோரிடா ரோடு பக்கமும் பார்த்திருக்கிறேன். டவுன்ஷிப்புகளில், அதாவது நிறவெறிக் காலத்தில் கறுப்பர்களுக்கென்று ஒதுக்கிய குடியிருப்புகளில், பெண்ணைக் காதலிக்கும் பெண்களையும் திருநங்கையரையும் கொன்றிருக்கிறார்கள், சட்டம் இருந்தும். பொதுவாகவே வழிப்பறி அதிகம், அது யார் என்று பார்த்து வருவதில்லை. இருட்டினால் நடக்காதீர்கள், கைப்பேசியைக் கையில் ஆட்டிக்கொண்டு போகாதீர்கள், போலீஸ் எண் 10111.

ஆப் பற்றிக் கேட்கும் தம்பிகளுக்கு முக்கியமானது: டேட்டிங் ஆப் வழியாக வரவழைத்து, ஆளைக் கடத்தி, அடித்து, வங்கிக் கணக்கைத் துடைக்கும் கும்பல்கள் அங்கே உண்டு, குறிப்பாக ஜோகன்னஸ்பர்க் பக்கம். முதல் சந்திப்பு மாலுக்குள், பகலில், முன்னதாக வீடியோவில் முகம் பார்த்த பிறகு, எங்கே போகிறீர்கள் என்று ஒருவருக்காவது சொல்லிவிட்டு. அந்த ஆளின் காரில் ஏற வேண்டாம். நீங்கள் மட்டும் ஏறினீர்களே என்று கேட்கிறார்கள். ஏறினேன், அவரைக் குழந்தையிலிருந்து தெரிந்த அத்தனை பாட்டிமார்களும் பார்த்துக்கொண்டிருக்க ஏறினேன்.

இதே சந்திப்பு வேறு நாட்டில் நடந்திருந்தால்?

மலேசியா, இலங்கை, மியன்மார் மூன்றிலும் ஒருபால் உறவைக் குற்றமாக்கி ஆங்கிலேயன் எழுதி வைத்த சட்டத்தின் வாரிசு இன்னும் உயிரோடு இருக்கிறது. சிங்கப்பூரில் 2022 நவம்பரில் நாடாளுமன்றமே நீக்கிவிட்டது, ஆனால் ஒருபால் திருமணம் கிடையாது. மொரீஷியஸில் 1838இல் எழுதிய பிரிவு ஒன்று இருந்தது, 2023 அக்டோபர் 4 அன்று அங்குள்ள உச்ச நீதிமன்றம் அதை மனமொத்த ஆண்களுக்குப் பொருந்தாது என்றது. ரீயூனியன் பிரான்ஸின் ஒரு பகுதி, 2013 முதல் திருமணமே செய்துகொள்ளலாம். வழியில் வளைகுடாவில் விமானம் மாறுகிறவர்கள், மாறுகிற நேரம் வரை அந்த நாட்டுச் சட்டம்தான் உங்களுக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

யார் கணவன், யார் மனைவி?

ரசம் நான் வைப்பேன், கார் அவர் ஓட்டுவார். அடுத்த கேள்வி.

எச்.ஐ.வி. பயம் இல்லையா?

பயம் வேண்டாம், விவரம் வேண்டும். உலகத்திலேயே அதிகம் பேர் எச்.ஐ.வி.யோடு வாழும் நாடு அது, அதே நேரம் அதிகம் பேருக்கு அரசு மருந்து கொடுப்பதும் அங்கேதான். 2000 ஜூலையில் உலக எய்ட்ஸ் மாநாடு டர்பனில்தான் நடந்தது, எட்வின் கேமரன் என்ற நீதிபதி, ஆண்களை விரும்புகிறவர், தனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது என்று அதற்கு முந்தைய வருடமே ஊரறியச் சொன்னவர், அந்த மேடையில் நின்று, நான் உயிரோடு இருப்பது மருந்து வாங்கக் காசு இருப்பதால் மட்டும்தான் என்று பேசினார். பிற்பாடு அரசமைப்பு நீதிமன்ற நீதிபதியாகவும் இருந்து ஓய்வு பெற்றார்.

ஆணுறை, முன்கூட்டியே சாப்பிடும் பிரெப் மாத்திரை, ஏதாவது நடந்துவிட்டால் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டிய பெப் மாத்திரை, இந்த மூன்றையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பிரெப் அங்கே அரசு கிளினிக்குகளில் இலவசம். மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டு ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குப் போனவரிடமிருந்து உடலுறவில் தொற்று வராது. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தே போய்ச் சோதித்தோம், ரிசல்ட்டுக்குக் காத்திருந்த நேரம் முழுக்க அவர் பக்கத்து எக்ஸ்ரே ரூமில் வேலை எப்படி மோசமாக நடக்கிறது என்று விமர்சித்துக்கொண்டிருந்தார்.

இந்தியாவில் உங்கள் கல்யாணம் செல்லுமா?

செல்லாது. 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம், ஒருபால் திருமணம் அடிப்படை உரிமை அல்ல, வேண்டுமானால் நாடாளுமன்றம் பார்த்துக்கொள்ளட்டும் என்றுவிட்டது. சென்னை உயர் நீதிமன்றம் கொஞ்சம் முன்னே நடக்கிறது: 2021இல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இப்படிப்பட்ட ஜோடிகளைப் போலீஸ் தொல்லை செய்யக் கூடாது, "மாற்றிவிடுகிறேன்" என்று வைத்தியம் செய்கிறவர்கள் மீது நடவடிக்கை வேண்டும் என்றார். 2025 மே மாதம் இன்னொரு வழக்கில், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றுதான் வழி என்றில்லை என்று இரு நீதிபதிகள் எழுதினார்கள். 2024 ஆகஸ்டில் மத்திய நிதி அமைச்சகம் கூட்டு வங்கிக் கணக்குக்கும் நாமினி போடுவதற்கும் தடையில்லை என்று தெளிவுபடுத்தியது. இவ்வளவுதான் கையில் இருப்பது. ஆகவே என் ஆலை ரெக்கார்டில் நான் கல்யாணத்துக்கு அப்புறமும் பிரம்மச்சாரி.

விசா கிடைக்குமா? அங்கே போய்விடுவீர்களா?

அவர்கள் குடியேற்றச் சட்டத்தில் துணைவர் என்ற சொல்லுக்குள் நாங்களும் அடக்கம், அதற்கு வேர் அந்த 1999 தீர்ப்பு. துணைவர் விசாவில் போகலாம், வேலை செய்ய அதிலேயே தனியாக அனுமதி பதிய வேண்டும், நிரந்தர வசிப்புரிமை கேட்க ஐந்து வருட உறவு காட்ட வேண்டும். போலீஸ் சான்று, மருத்துவச் சான்று, காசநோய் இல்லை என்பதற்கு நெஞ்சு எக்ஸ்ரே. அந்த எக்ஸ்ரேயை நான் ஊரிலேயே எடுத்து அனுப்பியபோது, மூச்சை ஒழுங்காகப் பிடிக்கவில்லை என்று குறை சொன்ன ஒரே காதலன் எனக்குத்தான் கிடைத்திருப்பான்.

போய்விடுவேனா என்றால், அம்மா இருக்கும்வரை பாதி வருடம் இங்கே என்பதுதான் பேச்சு. ஆலையில் அரவை நடக்கும் மாதங்கள் இங்கே, மீதி அங்கே. கையில் காசு எவ்வளவு நிற்கும் என்பதை அப்புறம் பார்க்கலாம்.

குழந்தை?

அங்கே சேர்ந்து தத்தெடுக்கலாம். நாங்கள் இன்னும் பேசி முடிக்கவில்லை.

கல்யாணம் எப்போது?

தேதிதான் இழுக்கிறது. அவருக்குப் புரட்டாசியில் கூடாது, எனக்கு அரவைக் காலத்தில் லீவு கிடையாது, ஈஸ்டர் சமயத்தில் மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் திருவிழா, அப்போது அவர் எதற்கும் வர மாட்டார். அதற்கு நடுவில் காகிதம். வெளிநாட்டுக்காரர் அங்கே மணம் செய்யத் தனக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகவில்லை என்று சான்று காட்ட வேண்டும், குடியேற்ற அதிகாரி இரண்டு பேரையும் உட்கார வைத்துக் கேள்வி கேட்பார். திருமணமாகாதவர் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தேன், விசாரணைக்கு வி.ஏ.ஓ. வீட்டுக்கே வந்துவிட்டார். காபி கொடுத்தோம். "வெளிநாடா? பொண்ணு என்ன பண்ணுது?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா, "எக்ஸ்ரே எடுக்கிற வேலை சார், ஆஸ்பத்திரியில" என்றார். நல்ல வேலை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

முன்பு அங்கே, மனசாட்சி இடம் கொடுக்கவில்லை என்று சொல்லி அரசுப் பதிவு அதிகாரி எங்களைப் போன்றவர்களைத் திருப்பி அனுப்பலாம் என்று சட்டத்திலேயே ஒரு பிரிவு இருந்தது, 2020இல் அதை நீக்கிவிட்டார்கள். அதனால் எந்த அலுவலகத்தில் வேண்டுமானாலும் பதியலாம். சாட்ஸ்வொர்த்துக்குப் பக்கத்தில் இருப்பதிலா, யாருக்கும் தெரியாத தூரத்தில் ஒன்றிலா என்பதில் எங்களுக்குள் இன்னும் இழுபறி, பக்கத்தில் என்பது அவருடைய கட்சி, என்னால் நம்ப முடியவில்லை. இரண்டு சாட்சிகள் வேண்டும். தங்கை ஒருத்தி. இன்னொன்றுக்கு அவர் தன் அம்மாவைக் கேட்கப் போகிறேன் என்கிறார், இன்னும் கேட்கவில்லை.